சாப்பிட மறந்த நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளை ஆறேழு ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கேட்கப்போவது கொஞ்சம் அற்பமான விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இப்போது 39 வயது. 20 வயதிலிருந்து டைரி எழுதுகிறேன். நடுவில் இரண்டு மூன்று ஆண்டுகள் விட்டுப்போயின. போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது 17 டைரிகள் கிடைத்தன. நான்கு இரவுகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். படித்து முடித்ததும் வெட்கமாகப் போய்விட்டது.

மொத்த டைரியிலும் மூன்றே விஷயங்கள்தான். என்ன சாப்பிட்டேன், வசந்தம் வந்துவிட்டது, நான் என்னவாகப் போகிறேன். நாட்டில் எவ்வளவோ நடந்திருக்கிறது, அதெல்லாம் ஒரு வரி இல்லை. மாதிரிக்கு நான்கு நாட்களை அப்படியே தருகிறேன். நான்கும் வேறு வேறு ஆண்டுகள்.

"மார்ச் 9. மதியம் மீந்த சூப். உப்பு தூக்கல். வாசல் மரத்தில் முதல் பூ. இந்த வருடம் கிதார் கற்றே தீருவேன்."

"மார்ச் 21. காலையில் ஒன்றும் இல்லை, டீ மட்டும். நாளையிலிருந்து ஓட்டம். ஆறு மாதத்தில் மாரத்தான். கிதாரும்."

"ஏப்ரல் 2. பழைய சைக்கிளைக் கழற்றிப் போட்டேன். சாப்பிட மறந்துவிட்டது. இரவு ரொட்டி, முட்டை."

"மார்ச் 16. மரம் பூத்துவிட்டது. வெங்காயம் எல்லாம் முளைத்துக் கிடக்கிறது, பாதியைத் தூக்கிப் போட்டேன். புது மொழி ஒன்று படிக்க வேண்டும். வாழ்க்கையை மாற்றியே ஆக வேண்டும்."

கிதார் என்ற சொல் 11 டைரிகளில் வருகிறது. எங்கள் வீட்டில் கிதார் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. என் மனைவி இரண்டு பக்கம் படித்துவிட்டு, "இது டைரியா, ஹோட்டல் கணக்கா?" என்று கேட்டாள்.

ஏன் ஒவ்வொரு வசந்தத்திலும் எனக்கு இந்த வேகம் வந்து, இரண்டு மாதத்தில் வடிந்துவிடுகிறது? சாப்பாட்டைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பது சின்ன புத்தியா? இவற்றைக் கொளுத்திவிட்டுப் புதிதாக, உருப்படியாக ஒரு டைரி தொடங்கலாம் என்று நினைக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

கொளுத்த வேண்டாம். நீங்கள் தீப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கக் கூடும் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் அனுப்பிய நான்கு நாட்களையும் பல தடவை படித்தேன். ஒரு வாசகனாகச் சொல்கிறேன், அவற்றில் மோசமாக எழுதப்பட்டவை உங்கள் இலட்சியங்கள்தான். "கற்றே தீருவேன்", "மாற்றியே ஆக வேண்டும்". இந்த 'ஏ' இருக்கிறதே, அழுத்தத்துக்காகப் போடுகிறோம் என்று இலக்கணம் சொல்லும். எனக்கென்னவோ அது சந்தேகத்தின் எழுத்தாகத்தான் படுகிறது. நாளைக் காலை பல் துலக்கியே தீருவேன் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. துலக்கப் போகிறோம் என்று தெரியும், அவ்வளவுதான். எங்கே கை வராது என்று உள்ளுக்குள் தெரிகிறதோ அங்கேதான் இந்த ஏகாரம் வந்து முட்டுக்கொடுக்கிறது.

அதற்குப் பக்கத்திலேயே "உப்பு தூக்கல்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டே சொல். அந்தச் சூப் இன்று இல்லை, அந்தப் பாத்திரமும் அநேகமாக இல்லை. ஆனால் படித்ததும் என் நாக்கு மடிந்தது. கிதாரைப் பற்றி 11 டைரிகளில் எழுதியும் ஒரு தந்தியின் ஓசைகூட எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்கும் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டை நினைப்பது சின்ன புத்தியா என்று கேட்கிறீர்கள். 'பசி வந்தால் பத்தும் பறந்துபோகும்' என்பதை எல்லாரும் சொல்வோம், அந்தப் பத்து என்னென்ன என்று எண்ணிப் பார்ப்பவர் குறைவு. ஔவையாரின் 'நல்வழி' வெண்பா ஒன்றில் வரும் அந்தப் பட்டியலில் மானம் உண்டு, கல்வி உண்டு, தானம் உண்டு, தாளாண்மை உண்டு. தாளாண்மை என்றால் விடாமுயற்சி. கடைசியில் காமமும் உண்டு. நீங்கள் இலட்சியம் என்று அழைப்பதெல்லாம் அந்தப் பத்துக்குள் எங்கோ வந்துவிடும்.

இதை ஓர் ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், பட்டினியில் கிடந்து மீண்டவர்களுக்கு எப்படிச் சோறு போட்டுத் தேற்றுவது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதைக் கண்டறிய 1944 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். 24 வாரங்கள் அவர்களுக்குப் பாதி வயிற்றுச் சாப்பாடு. உடல் எடையில் கிட்டத்தட்ட கால்வாசி போனது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அவர்கள் மனத்தில் மற்றதெல்லாம் உதிர்ந்துபோன விதம். படிப்பில் நாட்டம் போனது, உலகச் செய்தியில் அக்கறை போனது, காமம் போனது. சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்து நாவல் மாதிரி படித்தார்கள். இனிச் சமையல்காரராகிவிடலாமா என்ற யோசனைகூடச் சிலருக்கு வந்தது. போருக்குப் போகமாட்டேன் என்று உறுதியாக நின்றவர்கள் அவர்கள், மனஉறுதியில் நம்மைவிட எத்தனையோ மடங்கு மேல். வெண்பா எழுதியவருக்கு இந்த 24 வாரங்கள் தேவைப்படவில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று யோசித்தால் வயிறு கலங்குகிறது.

ஆகவே உங்கள் கிதார் கனவுக்குத் தரையே அந்த மீந்த சூப்தான். இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. தமிழில் எத்தனையோ ஆசைகளுக்குப் பசி என்று பெயர் வைத்திருக்கிறோம். அறிவுப் பசி, புகழ்ப் பசி, அதிகாரப் பசி.

உங்கள் மனைவி கேட்ட கேள்விக்கும் ஒரு பதில் இருக்கிறது. 1660 முதல் 1669 வரை லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்ற கடற்படை நிர்வாகி டைரி எழுதினார். அந்தக் காலத்து நகர வாழ்க்கையைப் பற்றி எழுதும் எவரும் அதைத் தொடாமல் நகர முடியாது. உள்ளே என்ன இருக்கிறது? தின்றது, குடித்தது, பதவி உயர்ந்தது, இவ்வளவு பணம் சேர்ந்தது. அப்புறம் சபதங்கள். ஒயினைத் தொடமாட்டேன், நாடகத்துக்குப் போகமாட்டேன். எழுதிவைத்த சபதங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துப் படிப்பார். மீறினால் ஏழைகளின் உண்டியலில் அபராதம் போடுவார். 1666-இல் லண்டன் பற்றி எரிந்தபோது தோட்டத்தில் குழி தோண்டி ஒயினையும் பார்மேசான் பாலாடைக்கட்டியையும் புதைத்துவைத்தார். மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அவருடைய சபதங்களைப் பற்றி ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும்தான் கவலை. பாலாடைக்கட்டியைப் புதைத்த கதையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். ஹோட்டல் கணக்கு அப்படியொன்றும் மட்டமான சரக்கில்லை என்று வீட்டில் சொல்லுங்கள். (கேலி செய்தது உங்கள் மேல் உள்ள அன்பினால்தான் என்றும் தோன்றுகிறது. இரண்டு பக்கம் படித்திருக்கிறார்களே.)

இனி வசந்தம். இதில்தான் நீங்கள் ஏமாந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் வெகுகாலம் ஏமாந்திருந்தேன்.

புதிய தொடக்கம் மாதிரி தோன்றும் நாட்களில் மனிதர்களுக்கு வேகம் வரும் என்பது உண்மைதான். ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் என்ற மூவர் 2014-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாரத்தின் தொடக்கம், மாதத்தின் தொடக்கம், ஆண்டின் தொடக்கம், பிறந்தநாள் கழிந்த நாட்கள் என்று இப்படிப்பட்ட முனைகளில் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வருபவர் எண்ணிக்கை கூடுகிறது. வாரம், மாதம், ஆண்டு பிறக்கும் நாட்களில் இணையத்தில் 'டயட்' என்று தேடுபவர்களும் கூடுகிறார்கள். பாருங்கள், அங்கேயும் இலட்சியத்தின் முதல் பெயர் சாப்பாடுதான். நேற்று வரை இருந்த ஆள் வேறு, இன்றிலிருந்து நான் வேறு என்று ஒரு கோடு கிழித்துக்கொள்ள நமக்கு ஒரு நாள் தேவைப்படுகிறது. உங்களுக்கு அந்தக் கோட்டை வாசல் மரம் கிழித்துத் தருகிறது. பூவைப் பார்த்ததும், அது தொடங்கிவிட்டது, நானும் தொடங்குகிறேன் என்று பேனாவை எடுக்கிறீர்கள்.

அது அன்று தொடங்கவில்லை, க. அங்கேதான் சிக்கல்.

உங்கள் மரம் என்ன மரம் என்று நீங்கள் எழுதவில்லை. ஆப்பிள், செர்ரி, பீச் போன்ற மரங்களில், இந்த மார்ச்சில் விரியும் பூவுக்கான மொட்டு போன ஆண்டுக் கோடையிலேயே உருவாகத் தொடங்கிவிடுகிறது. கிளையில் அந்த ஆண்டுக் காய் பழுத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் அடுத்த ஆண்டின் பூ செதிலுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. கத்தியால் கீறி உருப்பெருக்கியில் பார்த்தால்தான் தெரியும். பிறகு குளிர்காலம் வருகிறது. மரம் தூங்குகிறது என்கிறோம், ஆனால் மொட்டு குளிரை எண்ணிக்கொண்டிருக்கிறது. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இத்தனை மணி நேரம் கழிந்தால்தான் உறக்கம் கலையும் என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு கணக்கு உண்டு. சில வகைகளுக்குச் சில நூறு மணி நேரம், சிலவற்றுக்கு ஆயிரத்துக்கும் மேல். குளிர் போதவில்லை என்றால் வசந்தத்தில் வெயில் எவ்வளவு கொஞ்சினாலும் பூ தாமதமாகவும் தாறுமாறாகவும்தான் வரும். இந்த எண்ணிக்கை இல்லையென்றால் நடுக்குளிர்காலத்தில் இரண்டு நாள் வெயிலடித்ததும் பூத்துவிட்டு, மூன்றாம் நாள் உறைபனியில் கருகிப்போகும்.

இது தெரிந்த அன்று எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாக இருந்தது. எத்தனை வசந்தங்களில் நானும் பூவைப் பார்த்து நோட்டைத் திறந்திருக்கிறேன்! பத்து மாத வேலையின் கடைசி நாளைப் பார்த்துவிட்டு அதை முதல் நாள் என்று நினைத்திருக்கிறேன். நிறைமாத வயிற்றைப் பார்த்துவிட்டு, நானும் இன்றிலிருந்து பிள்ளை பெறுகிறேன் என்று கிளம்பியவன் கதைதான்.

தமிழ் இந்த இடத்தில் நிதானமாக இருந்திருக்கிறது. வசந்தம் என்று இரவல் சொல்லில் சொன்னால் விழா மாதிரி இருக்கிறது. நம் சொல் இளவேனில். இளைய வெயில், அவ்வளவுதான். பிறப்பு என்றோ தொடக்கம் என்றோ அதற்குள் ஒன்றும் இல்லை. பின்னால் முதுவேனில் வரப்போகிறது என்ற எச்சரிக்கை வேண்டுமானால் இருக்கிறது. பூவுக்கும் பாருங்கள், அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஏழு நிலை சொல்வார்கள். மலர் நான்காவது. அதற்கு முன்பே மூன்று பெயர் வைக்கும் அளவுக்கு உற்றுப் பார்த்திருக்கிறார்கள். விழுந்த பூவுக்கும் வாடிய பூவுக்கும் தனித்தனியாகப் பெயர் இருப்பது வேறு கதை, இன்னொரு நாள் பேசலாம்.

உங்கள் டைரியில் எனக்கு மிகவும் பிடித்த வரிகளில் ஒன்று வெங்காயம். "முளைத்துக் கிடக்கிறது, பாதியைத் தூக்கிப் போட்டேன்." நீங்கள் எதைத் தூக்கிப் போட்டீர்கள் என்று கொஞ்சம் சொல்லட்டுமா?

வெங்காயம் ஈராண்டுச் செடி. முதல் ஆண்டில் பூக்காது. வெயிலில் செய்த உணவையெல்லாம் இலைகளின் அடிப்பாகத்தில் சேர்த்துச் சேர்த்து உருண்டையாக்கிக்கொள்ளும். அடுத்த ஆண்டு அந்தச் சேமிப்பைச் செலவழித்துத் தண்டு நீட்டிப் பூக்கும், விதைக்கும், முடியும். நாம் நறுக்குவது அந்தச் சேமிப்பை. கேரட்டும் பீட்ரூட்டும் இப்படித்தான். முட்டைக்கோஸும் இப்படித்தான். காலிஃபிளவரும் ப்ரோக்கோலியும் இன்னும் ஒரு படி மேல், பூக்கப் போகும் நேரத்தில் பிடித்துவிடுகிறோம். நம் தட்டில் கிடப்பதில் பெரும்பகுதி யாரோ அடுத்த ஆண்டுக்கென்று எடுத்துவைத்தது. முட்டையும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். கோழி குளிர்காலத்தில் முட்டை குறைத்து, பகல் நீண்டு வெளிச்சம் 14 மணி நேரத்தை நெருங்கும்போது மும்முரமாக இடும். பண்ணைகளில் விளக்குப் போட்டு ஆண்டு முழுவதும் அதற்கு வசந்தம் காட்டுகிறார்கள் என்பதால் நமக்கு அது மறந்துவிட்டது.

கூடையில் கிடந்த அந்த வெங்காயத்துக்கு மண் இல்லை, தண்ணீர் இல்லை. ஆனாலும் காலம் ஆகிவிட்டது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. முளை வந்ததும் வெளித்தோலுக்குள் அடுக்குகள் தளர்ந்து சுருங்கத் தொடங்கும், தன்னையே தின்றுதான் அது அந்தப் பச்சையை நீட்டுகிறது. அதே டைரிக் குறிப்பில், அதற்கு அடுத்த வரியில், "புது மொழி ஒன்று படிக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மொழி என்று எழுதவில்லை. வெங்காயத்துக்குக் குழப்பமே இல்லை, அது வெங்காயப் பூவைத்தான் பூக்கப் போகிறது. "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். எனக்கு அந்தப் பழமொழியில் எப்போதும் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. அந்த ஆளுக்கு நிஜமாகவே தாசில் வேலையில் ஆசை இருந்ததா, அல்லது பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்து வந்த ஆசையா என்று யாரும் விசாரிக்கவில்லை. கழுதைகளோடு அவன் சந்தோஷமாக இருந்தானா என்றும் கேட்கவில்லை.

என்னிடமும் உங்களைப் போல நோட்டுகள் இருக்கின்றன. ஏழு வசந்தங்களில் "இந்த வருடம் நாவலை முடித்தே ஆக வேண்டும்" என்று இருக்கிறது. அதே ஏகாரம். நாவல் முடியவில்லை. முடியாதது வாசகர்களுக்கு நல்லது, முதல் அத்தியாயத்திலேயே எட்டுப் பக்கத்துக்கு மழை பெய்துகொண்டிருந்தது. ஆனால் ஒருமுறை அந்த நோட்டுகளை வேறொரு காரணத்துக்காகப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. நானும் உங்களைப் போல, சாப்பிட்டதை எழுதுகிறவன்தான். பெரும்பாலான நாட்களில் அது விரிவாகவே இருக்கும். சில நாட்களில் மட்டும் "ஏதோ சாப்பிட்டேன்" என்று இருந்தது. சிலவற்றில் அந்த வரியே இல்லை.

அந்த நாட்களைத் தனியாகக் குறித்துப் பார்த்தேன். நாவல் எழுத உட்கார்ந்த நாட்களில் சாப்பாட்டு வரி நீளமாக இருந்தது. காலை என்ன, பதினோரு மணிக்கு என்ன, நான்கு மணிக்கு என்ன, எல்லாம் விவரமாக. பேனாவை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் நின்றிருக்கிறேன் என்று அர்த்தம். சாப்பாடு காணாமல் போன நாட்களிலோ நான் நாவல் பக்கமே போகவில்லை. ஒரு சொல் எங்கிருந்து வந்தது, ஒரு பழமொழி எப்படித் திரிந்தது என்று அகராதிகளுக்குள் விழுந்து கிடந்திருக்கிறேன். அதை நான் வேலை என்றே நினைத்திருக்கவில்லை. நாவலிலிருந்து தப்பிக்க ஒரு சாக்கு என்றுதான் நினைத்திருந்தேன். ஆறேழு ஆண்டுகளாக நீங்கள் படித்துவருவதாகச் சொல்லும் கட்டுரைகள் அந்தச் சாக்கிலிருந்து வந்தவை.

இதை ஒரு சூத்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காய்ச்சலில் கிடந்த நாளும் சாவு விழுந்த நாளும் சாப்பாட்டு வரி இல்லாமல்தான் இருக்கும். வீட்டில் சண்டை போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்ட நாட்களும் இருக்கும், என் நோட்டில் அவை கணிசம். அவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். சில நாட்களே தேறும். 17 டைரிகளில் ஒரு முப்பது நாள் கிடைத்தால் அதிகம்.

கொளுத்த வேண்டாம் என்று சொன்னதற்கு இது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் செர்ரிப் பூக்கள் எப்போது முழுதாக மலர்ந்தன என்பதற்கு 9-ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு கணக்கு இருக்கிறது. அவற்றில் மிகப் பழைய தேதி 812-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. யாரும் அறிவியலுக்காகக் குறித்துவைத்ததில்லை. அரசர்களும் அரசவைக்காரர்களும் துறவிகளும் தங்கள் டைரிகளிலும் நாளாகமங்களிலும் இன்ன நாளில் பூப்பார்க்கப் போனோம், விருந்து நடந்தது என்று எழுதிவைத்ததையெல்லாம் ஒன்று சேர்த்து, யாசுயுகி ஆவோனோ என்ற ஆய்வாளர் அந்தத் தேதிகளைத் தொகுத்தார். அதனால்தான் 2021 மார்ச் 26-இல் பூ உச்சத்தைத் தொட்டபோது, 1200 ஆண்டுகளில் இவ்வளவு சீக்கிரம் மலர்ந்ததே இல்லை என்று சொல்ல முடிந்தது. பூமி சூடாகிறது என்பதற்கு அது ஒரு சாட்சியாக நிற்கிறது. அந்த அரசவைக்காரர்களும் பதவிக்கு ஏங்கியிருப்பார்கள், அடுத்த ஆண்டாவது ராஜா கண் திறக்கட்டும் என்று எழுதியிருப்பார்கள். நமக்கு உதவியது அவர்கள் எங்கே உட்கார்ந்து எந்த நாளில் சாப்பிட்டார்கள் என்பது. உங்கள் 17 டைரிகளிலும் வாசல் மரம் பூத்த தேதிகள் பல இருக்கும். ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள், எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

புதிய டைரி வேண்டுமென்றால் தொடங்குங்கள், பழையது பாட்டுக்கு இருக்கட்டும். 'உருப்படியாக' எழுதப் போகிறேன் என்று சொன்னீர்களே, அது மட்டும்தான் எனக்குக் கவலை. கிதார் வாங்குவதென்றாலும் வாங்குங்கள். ஆனால் பூ வந்த வாரத்தில் வாங்காதீர்கள், காய் பழுக்கும் காலத்தில், யாரும் எதையும் தொடங்காத ஒரு வெறும் வாரத்தில் கடைப்பக்கம் போய்ப் பாருங்கள். அப்போதும் கை நீண்டால் வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. "ஏப்ரல் 2. பழைய சைக்கிளைக் கழற்றிப் போட்டேன். சாப்பிட மறந்துவிட்டது." நான்கு நாட்களில் இந்த ஒன்றில்தான் பூ இல்லை, கிதார் இல்லை, 'ஏ' இல்லை. கடிதத்தில் நீங்களும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் மூன்று நாட்களாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் 3-ஆம் தேதிக் குறிப்பில் என்ன இருக்கிறது? அந்தச் சைக்கிளைத் திரும்பப் பூட்டினீர்களா? பூட்டி முடித்ததும் கையில் ஏதாவது நட்டு மிஞ்சியதா?

அன்புடன்.